ரெண்டு தடவை அழுத்தின பொத்தான்

போன வாரம் இணையத்துல ஒரு பில் கட்டப் போனேன். "தயவுசெய்து பொத்தானை ஒரு முறை மட்டும் அழுத்தவும்"னு சிவப்பு எழுத்துல போட்டிருந்தது. சிரிப்பும் வந்தது, லேசா வயித்தையும் கலக்கினது. அந்த ஒரு வரிக்குப் பின்னாடி அறுபது வருஷத்துக் கதை இருக்கு. அதோட ஒரு ஓரத்துல என் பாவக்கணக்கும் இருக்கு. கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுமை இருக்கறவங்க மேல படிங்க.

2001-ம் வருஷம். மதுரையில ஒரு மருந்து மொத்த வியாபாரிக்கு விஷுவல் பேசிக் 6-ல பில் போடுற மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். மூணு கம்ப்யூட்டர், ஒரு ஹப், ஒரு ஆக்ஸஸ் டேட்டாபேஸ். பில்லை 'சேவ்' பண்ணினா ஒவ்வொரு மருந்துக்கும் இருப்பைக் குறைச்சு, பார்ட்டி கணக்குல ஏத்தி முடிக்க எட்டு, பத்து செகண்டு ஆகும். அதுவரைக்கும் திரை அப்படியே உறைஞ்சு போய் நிக்கும். "தம்பி, பொட்டி செத்துப் போச்சோன்னு பயமா இருக்கு, ஏதாச்சும் பண்ணுங்க"ன்னு பில் போடுற அண்ணன் சொன்னார். நானும் லூப்புக்கு நடுவுல டூஈவென்ட்ஸ்னு ஒரே ஒரு வரி சேர்த்து, பன்னெண்டுல மூணு, பன்னெண்டுல நாலுன்னு திரையில எண்ணிக்கை ஓடுற மாதிரி பண்ணிக் கொடுத்தேன். எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு ஒரு காபிகூட கிடைச்சது.

ஒரு மாசம் கழிச்சு, வசூலுக்குப் போற அண்ணன் மேல சந்தேகம் வந்துடுச்சு. மெடிக்கல் ஷாப்காரங்க "ஒரு பில்லுக்குத்தான் சரக்கு வந்தது, அதுக்குக் காசும் கொடுத்தாச்சே"ங்கறாங்க. கம்ப்யூட்டரோ ரெண்டு பில் காட்டுது. முதலாளிக்குக் கம்ப்யூட்டர் மேல அபார நம்பிக்கை (ஊட்டி விட்டது யாரு? நான்தான்). ஒரு பில் காசை இவர் அமுக்கிட்டார்னு முடிவு கட்டி, பதினோரு வருஷமா அந்தக் கடைக்காக சைக்கிள் மிதிச்ச மனுஷனோட சம்பளத்தை நிறுத்தி வெச்சுட்டார்.

என்ன நடந்ததுன்னு எனக்குப் புரிய நாலு ராத்திரி ஆச்சு. அதை உங்களுக்குச் சொல்லணும்னா, ப்ரோக்ராம்கள் எப்போ கேள்வி கேக்கறதை நிறுத்திட்டு, காத்துக்கிட்டு நிக்க ஆரம்பிச்சதுங்கற கதையிலேர்ந்து தொடங்கணும்.

டாஸ் காலத்துல ஃபாக்ஸ்ப்ரோ, க்ளிப்பர் படிச்சவங்களுக்குத் தெரியும். திரையில 'பெயர்'னு கேக்கும், அடிக்கணும். 'ஊர்'னு கேக்கும், அடிக்கணும். தாலுகா ஆபீஸ் க்ளார்க் மாதிரி. அவர் கேக்கற வரிசையிலதான் நாம பதில் சொல்ல முடியும். முதல்ல ஊரைச் சொல்றேன் சார்னா எரிச்சல் ஆயிடுவார். குடுமி ப்ரோக்ராம் கையில.

ஜன்னல், மெனு, மவுஸ்னு வந்தப்புறம் இது தலைகீழ். ப்ரோக்ராம் இப்போ டீக்கடை மாஸ்டர். பாய்லர் பக்கத்துல நிக்கறார். யார் எப்போ வருவாங்க, என்ன கேப்பாங்கன்னு அவருக்குத் தெரியாது. 'ரெண்டு லைட்', 'ஒண்ணு சர்க்கரை கம்மி'ன்னு குரல் வர வர, வரிசையாப் போட்டுக் கொடுப்பார். அந்தக் குரல்தான் ஈவென்ட். கேட்டுக் கேட்டுப் போடுற அந்த ஓயாத வேலைதான் ஈவென்ட் லூப். இந்தக் குடுமி கைமாறினது ஒரே நாள்ல நடக்கலை.

முதல் ஆள்னு ஐவன் சதர்லாந்தைச் சொல்லலாம். 1963-ல எம்.ஐ.டி.யில முனைவர் பட்டத்துக்காக, லிங்கன் ஆய்வகத்துல இருந்த டிஎக்ஸ்-2ங்கற ராட்சசக் கம்ப்யூட்டர்ல ஸ்கெட்ச்பேட்னு ஒரு படம் வரையற ப்ரோக்ராம் செஞ்சார். மவுஸ் எல்லாம் கிடையாது, லைட் பேனா. அந்தப் பேனாவுக்குத் தான் எங்க இருக்கோம்னே தெரியாதுங்கறதுதான் வேடிக்கை. அதுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, 'இப்போ எனக்கு வெளிச்சம் தெரியுது'. திரையில அந்தக் கணத்துல எந்தப் புள்ளியை வரைஞ்சுக்கிட்டிருந்தோம்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமில்லையா, அதை வெச்சு இடத்தைக் கண்டுபிடிக்கும். வெறும் இருட்டுல பேனா எதையும் பார்க்காது; அதனால பேனா கூடவே ஓடுற ஒரு சிலுவைக் குறியை ப்ரோக்ராம் வரைஞ்சுக்கிட்டே இருக்கணும். கோட்டை முடிக்கணும்னா பேனாவை வெடுக்குனு இழுக்கணும், சிலுவை தொடர முடியாமத் தவற விட்டுடும். அந்தத் தவற விடறதுதான் 'முடிஞ்சது'ங்கற சைகை. இன்னிக்கு நாம போன் திரையில விரலை வெச்சுச் சுண்டறோமே, அதோட கொள்ளுத்தாத்தா.

1968 டிசம்பர் 9-ல டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோவுல மவுஸோட உலகத்துக்குக் காட்டின டெமோ பத்தி நிறையப் பேர் எழுதிட்டாங்க, நான் தாண்டிப் போறேன். அதுக்கப்புறம் ஜெராக்ஸ் பார்க். 1973-ல ஆல்டோ கம்ப்யூட்டர், அதுல ஸ்மால்டாக். ஜன்னல், மெனு, மவுஸ் எல்லாம் இங்கதான் ஒண்ணா சேர்ந்தது. ஆனா உள்ளே எட்டிப் பார்த்தா ஆச்சரியம். ஸ்மால்டாக்-80-ல நாம இப்போ சொல்ற மாதிரி ஈவென்ட் வந்து கதவைத் தட்டாது. திரையில இருக்கற ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு கன்ட்ரோலர் உண்டு. "கட்டுப்பாடு உனக்கு வேணுமா?"ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டுக்கிட்டே வருவாங்க. மவுஸ் எவனோட எல்லைக்குள்ள இருக்கோ அவன் "எனக்கு வேணும்"பான். கட்டுப்பாடு கைக்கு வந்ததும் அவன் சும்மா இருக்க மாட்டான்: சிவப்பு பொத்தான் அழுத்தியிருக்கா, மஞ்சள் அழுத்தியிருக்கா, நீலம் அழுத்தியிருக்கான்னு (மூணு பொத்தானுக்கும் அவங்க வெச்ச பேர்) திரும்பத் திரும்பப் பார்த்துக்கிட்டே இருப்பான். டீ மாஸ்டர் ஒவ்வொரு மேஜையா ஓடி ஓடி "டீ வேணுமா, டீ வேணுமா"ன்னு கேக்கற மாதிரி. நார்வேக்காரர் ட்ரிக்வி ரீன்ஸ்கௌ 1979-ல அங்க இருந்தப்போ யோசிச்ச மாடல்-வியூ-கன்ட்ரோலர் பிரிவினையில அந்தக் கன்ட்ரோலருக்கு ஏன் அவ்வளவு முக்கியத்துவம்னு இப்போ புரியுதா?

அதே இடத்துல லாரி டெஸ்லர்னு ஒருத்தர். காருக்கே 'நோ மோட்ஸ்'னு நம்பர் பிளேட் வாங்கி மாட்டின ஆள். இப்போ நீ 'சேர்க்கும் நிலையில' இருக்கே, இப்போ 'அழிக்கும் நிலையில' இருக்கேன்னு ப்ரோக்ராம் மனுஷனை அடைச்சு வைக்கவே கூடாதுங்கறது அவர் கட்சி. டிம் மாட் கூட சேர்ந்து அவர் செஞ்ச ஜிப்ஸிங்கற எழுத்து மென்பொருள்ல, முதல்ல தேர்ந்தெடு, அப்புறம் என்ன பண்ணணும்னு சொல்லு. எந்த நேரத்துலயும் எதையும் செய்யலாம். கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா ப்ரோக்ராம் எழுதறவன் பக்கத்துலேர்ந்து பாருங்க: 'எந்த நேரத்துலயும் எதுவும் வரலாம்'னா, அவன் எதுக்கும் தயாரா நிக்கணும். டெஸ்லர் 2020-ல காலமானார். அவர் கேட்ட சுதந்திரத்தோட விலைதான் என் ரெண்டு பில்.

1984 ஜனவரியில ஆப்பிள் மெக்கின்டாஷ் வந்தது. 128 கிலோபைட் மெமரி! இன்னிக்கு வாட்ஸப்புல வர்ற காலை வணக்கம் படத்துக்கே பத்தாது. இதுல வேலை பார்க்க வந்த ப்ரோக்ராமர்களுக்குக் கிடைச்ச முதல் அதிர்ச்சி, ப்ரோக்ராமோட நடு முதுகெலும்பே ஒரு முடிவில்லாத லூப்ங்கறதுதான். கெட்நெக்ஸ்ட்ஈவென்ட்டைக் கூப்பிடு. ஒரு சீட்டு வரும். அதுல அஞ்சு விஷயம்: என்ன நடந்தது, அதைப் பத்தின விவரம், எப்போ நடந்தது (ஒரு செகண்டை 60 பங்கா வெட்டி), திரையில எங்க, கூட ஷிப்ட் மாதிரி எந்த விசை அழுத்தியிருந்தது. சீட்டைப் படி, வேலையை முடி, திரும்ப லூப்புக்கு வா. டபுள் க்ளிக்கைக்கூட மெக் கண்டுபிடிச்சுச் சொல்லாது. ரெண்டு சீட்டுலயும் இருக்கற நேரத்தைக் கழிச்சு, இது ரெண்டு க்ளிக்கா ஒரு டபுள் க்ளிக்கான்னு நீயேதான் முடிவு பண்ணிக்கணும்.

இன்னொண்ணு, எனக்கு ரொம்பப் பிடிச்சது: எப்போ வரையணும்னுகூட நீ முடிவு பண்ண முடியாது. மேல மூடியிருந்த ஜன்னல் விலகினா, அடியில இருந்த படத்தை மெமரியில எடுத்து வைக்க இடம் ஏது? அதனால 'இந்தப் பகுதி வெளியே தெரியுது, திரும்ப வரைஞ்சு கொடு'ன்னு அப்டேட் ஈவென்ட் வரும். பத்திரமா வரைஞ்ச படம் உனக்குச் சொந்தமில்லை, கேக்கும்போதெல்லாம் மறுபடி வரையத் தெரிஞ்சிருக்கணும்.

எல்லாம் சீட்டு வழியாத்தான் வருதுங்கறதால ஒரு குறும்பும் பண்ண முடிஞ்சது. 1983-ல, மெக் வெளியாகறதுக்குச் சில மாசம் முன்னாடி, ஸ்டீவ் காப்ஸ் 'மங்கி'ன்னு ஒரு குட்டி ப்ரோக்ராம் எழுதினார். அது கண்டபடிக்குப் பொய்ச் சீட்டு போடும். கண்ணுக்குத் தெரியாத குரங்கு மவுஸையும் கீபோர்டையும் போட்டு உலுக்கற மாதிரி மெக்பெயின்ட் தானா கிறுக்கும், மெனு தானா திறக்கும். எத்தனை நேரம் தாக்குப் பிடிக்குதுன்னு பார்த்துப் பிழை கண்டுபிடிச்சாங்க. குரங்கு எப்படியும் 'வெளியேறு' மெனுவை அழுத்திடும் இல்லையா, அதைத் தடுக்க 'குரங்கு உயிரோட இருக்கு'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி மெமரியில ஒரு கொடி. ஆண்ட்ராய்டுல இன்னிக்கும் இதே வேலைக்கு இதே பேர்ல ஒரு கருவி இருக்கு. எங்க மருந்துக் கடைக்கு அந்தக் குரங்கு ஒண்ணு கிடைச்சிருந்தா என் பிழை முதல் நாளே மாட்டியிருக்கும்.

1985 நவம்பர்ல விண்டோஸ் 1.0. மைக்ரோசாப்ட் ஒரு படி மேல போச்சு. லூப் உன்னோடதுதான், கெட்மெசேஜ்னு கேட்டு வாங்கறதும் நீதான். ஆனா வாங்கின சீட்டை நீயே பிரிச்சுப் பார்க்காதே, டிஸ்பாட்ச்மெசேஜ்னு எங்ககிட்டயே திருப்பிக் கொடு, எந்த ஜன்னலுக்குரியதோ அந்த ஜன்னலோட ஃபங்ஷனை நாங்க கூப்பிடறோம். அமெரிக்கால இதுக்கு ஹாலிவுட் கொள்கைன்னே பேர்: நீ எங்களைக் கூப்பிடாதே, நாங்க கூப்பிடுவோம். கோடம்பாக்கத்துல வாய்ப்புத் தேடி அலைஞ்சவங்களுக்கும் பழக்கமான பதில்தான். சார்லஸ் பெட்சோல்ட் 1988-ல எழுதின விண்டோஸ் ப்ரோக்ராமிங் புத்தகத்தை வெச்சுத்தான் ஒரு தலைமுறையே இதைக் கத்துக்கிச்சு. ஜன்னல்ல ஒரு வரி வணக்கம் சொல்ல ஒரு பக்கத்துக்கு மேல கோடு எழுதணும்.

இங்கதான் விஷயம். 95-க்கு முந்தின விண்டோஸ்ல எல்லா ப்ரோக்ராமும் ஒருத்தருக்கொருத்தர் விட்டுக் கொடுத்துத்தான் ஓடணும். ஒரு ப்ரோக்ராம் லூப்புக்குத் திரும்பி கெட்மெசேஜ் கேட்டாத்தான் அடுத்தவனுக்கு வாய்ப்பு. ஒருத்தன் கணக்குப் போடறேன்னு பத்து செகண்டு உக்காந்துட்டா அவன் மட்டுமில்ல, மொத்தக் கம்ப்யூட்டருமே மணல் கடிகாரத்தைக் காட்டிட்டு நிக்கும். ஒரு டீ மாஸ்டர் சண்டை போடப் போனதுக்கு மொத்தத் தெருவும் கடையடைப்பு. மெக்லயும் அதே நிலைமைதான்.

1991 மே மாசம் விஷுவல் பேசிக் வந்தது. ஆலன் கூப்பர் செஞ்சு 1988-ல பில் கேட்ஸுக்குக் காட்டி வித்த ஒரு வடிவமைப்புக் கருவியோட பேசிக் மொழியை ஒட்ட வெச்சுப் பொறந்த குழந்தை. (பொத்தானை இழுத்து வெச்சுக் கோட்டோட கோர்க்கற யோசனை நெக்ஸ்ட் கம்ப்யூட்டர்ல 1988-லயே இருந்தது, ஜான்-மாரி உல்லோவோட இன்டர்ஃபேஸ் பில்டர். ஆனா அது எட்டாத விலை.) வி.பி.யோட மாயம் என்னன்னா லூப்பையே கண்ணுலேர்ந்து மறைச்சுடுச்சு. பொத்தான் மேல டபுள் க்ளிக் பண்ணினா 'கமாண்ட்1 க்ளிக்'னு ஒரு காலி இடம் திறக்கும், அதுல எழுது, அவ்வளவுதான். ஃபாக்ஸ்ப்ரோலேர்ந்து வந்த என்னை மாதிரி ஆளுங்க பெட்சோல்ட் முகத்தையே பார்க்காம விண்டோஸ் ப்ரோக்ராமர் ஆனோம். அடியில ஒரு லூப் ஓடிக்கிட்டிருக்கு, நாம அதோட விருந்தாளிங்கற விஷயமே தெரியாது.

ஆனா அடியில விண்டோஸ் 3.0. நீளமா ஒரு வேலை செஞ்சா மத்த ப்ரோக்ராமெல்லாம் நிக்குமே? அதுக்கு வெச்ச மருந்துதான் டூஈவென்ட்ஸ். 'நான் இன்னும் முடிக்கலை, இருந்தாலும் காத்திருக்கற சீட்டையெல்லாம் இப்போ பட்டுவாடா பண்ணிடு, அப்புறம் நான் தொடர்றேன்'னு அர்த்தம். அந்தக் காலத்துக்கு அது பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காட்டுற மரியாதை. விண்டோஸ் 95-ல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி வரிசை வந்தாச்சு, மரியாதைக்கான தேவை போயிடுச்சு. வரி மட்டும் தங்கிடுச்சு. திரை உறையுதா, டூஈவென்ட்ஸ் போடுன்னு புத்தகத்துல, கம்ப்யூட்டர் சென்டர்ல, சீனியர் வாயிலன்னு எல்லா இடத்துலயும் பாட்டி வைத்தியமா.

இப்போ மருந்துக் கடைக்கு வாங்க. நான் அந்த வரி சேர்க்கறதுக்கு முன்னாடியும் பில் போடுற அண்ணன் அவசரத்துல ரெண்டு தடவை அழுத்திக்கிட்டுத்தான் இருந்தார். ரெண்டாவது க்ளிக் வரிசையில காத்திருக்கும். முதல் சேவ் முடிஞ்சு ஃபார்மைக் காலி பண்ணினப்புறம்தான் அதோட முறை வரும். காலி ஃபார்ம், 'மருந்து எதுவும் இல்லை'ன்னு செய்தி காட்டிட்டு முடிஞ்சுடும். உறைஞ்ச திரைதான் எங்களைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு! நான் டூஈவென்ட்ஸ் போட்டதும், முதல் சேவ் மூணாவது மருந்துல இருக்கும்போதே வரிசையில நின்ன ரெண்டாவது க்ளிக்கைப் பட்டுவாடா பண்ணிடுச்சு. அதே சேவ் ஃபங்ஷன் தன்னோட வயித்துக்குள்ளயே இன்னொரு தடவை நுழையுது. ஃபார்ம் இன்னும் நிறைஞ்சுதான் இருக்கு. புது பில் நம்பர், முழு சேவ், ஃபார்ம் காலி. அப்புறம் பழையது விட்ட இடத்துலேர்ந்து தொடர்ந்து முடிக்குது, மருந்து விவரத்தை முதல்லயே அர்ரேயில எடுத்து வெச்சிருந்த என் புத்திசாலித்தனத்தால. அச்சாகறது ஒரே பில்தான், ஏன்னா அச்சுக்கு மட்டும் தனிப் பொத்தான்.

நாலாவது ராத்திரி பில் நேரத்தை வரிசையா அடுக்கிப் பார்த்தப்போதான் தெரிஞ்சது. ஒரே பார்ட்டி, ஒரே மருந்து, ரெண்டு மூணு செகண்டு வித்தியாசத்துல ஜோடி ஜோடியா. பதினேழு ஜோடி.

இது என் மடத்தனம் மட்டும் இல்லைன்னு பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டப்போ அற்ப ஆறுதல். ஜாவா 1995-ல வந்தப்போ, பல இழை ஒரே சமயத்துல திரையைத் தொடலாம்ங்கற ஆசையோடதான் ஆரம்பிச்சாங்க. ஸ்விங் வந்தப்போ 'ஒரே இழை மட்டும்தான் தொடணும்'னு பின்வாங்கிட்டாங்க. சன் கம்பெனியோட கிரஹாம் ஹாமில்டன் 2004-ல அதை நிறைவேறாத கனவுன்னே எழுதினார். காரணம் எளிமை. ஈவென்ட் அடியிலேர்ந்து மேல வருது, ப்ரோக்ராம் கொடுக்கற கட்டளை மேலேர்ந்து கீழ போகுது. ரெண்டு பேரும் எதிரெதிரா வந்து ஆளுக்கொரு கதவைப் பூட்டிட்டு அடுத்தவன் சாவிக்காகக் காத்து நிப்பாங்க.

ப்ரவுசர்லயும் இதே பஞ்சாயத்து. 1995-ல பிரெண்டன் ஐக் பத்து நாள்ல செஞ்ச ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒரே லூப், ஒரே இழைதான். பெட்டிக்குள்ள பெட்டியா இருக்கற பக்கத்துல க்ளிக் முதல்ல யாருக்குப் போகணும்? நெட்ஸ்கேப் 4, கலெக்டர் உத்தரவு மாதிரி மேலேர்ந்து கீழேன்னது. எக்ஸ்ப்ளோரர் 4, மனு மாதிரி கிராம நிர்வாக அலுவலர்லேர்ந்து மேலேன்னது. 2000-ல வந்த டாம் லெவல் 2 ரெண்டையும் வெச்சுக்கிச்சு, முதல்ல கீழே இறங்கும், அப்புறம் மேலே ஏறும். 2009-ல நோட்.ஜேஎஸ் அந்த லூப்பைத் தூக்கிட்டுப் போய் சர்வர்லயே வெச்சுடுச்சு. மொபைல் ப்ரவுசர்கள், நீங்க ஒரு தட்டு தட்டினதும் அது டபுள் தட்டா இருக்குமோன்னு சுமார் 300 மில்லிசெகண்டு யோசிச்சுக்கிட்டு நின்ன காலமும் உண்டு. 84-ல மெக் ப்ரோக்ராமர் கழிச்சுப் பார்த்த அதே கணக்கு. ஆண்ட்ராய்டுல ஒரு செயலி அஞ்சு செகண்டு பதில் சொல்லலைன்னா 'பதிலளிக்கவில்லை'ன்னு பலகை வரும். விண்டோஸ் எக்ஸ்பியிலேர்ந்து, அஞ்சு செகண்டு சீட்டு வாங்க வராத ப்ரோக்ராமோட ஜன்னலுக்குப் பதிலா விண்டோஸே ஒரு ஆவி ஜன்னலைக் கொண்டு வந்து நிறுத்தும், நகர்த்தவாவது முடியட்டும்னு.

சரி, எங்க கதை. ஒரு வரியைச் சேர்த்துக் கெடுத்தேன், இன்னொரு வரியைச் சேர்த்துச் சரி பண்ணினேன்: சேவ் தொடங்கினதும் பொத்தானை முடக்கு, முடிஞ்சப்புறம் திற. (டூஈவென்ட்ஸையும் எடுத்துட்டேன். எண்ணிக்கையை ஓட வைக்க லேபிளை மட்டும் ரிஃப்ரெஷ் பண்ணினாலே போதும்னு அப்போதான் தெரியும்.) முதலாளிகிட்ட நேரா போய், தப்பு என்னோடது, ஜோடிப் பட்டியல் இதோன்னு கொடுத்தேன். அவர் ரொம்ப நேரம் பட்டியலைப் பார்த்தார். அன்னிக்கு சாயங்காலமே சம்பளத்தைக் கொடுத்துட்டார், கையோட எனக்கு வர வேண்டிய பாக்கியில பாதியை வெட்டிட்டார். நியாயம்தான்.

வசூல் அண்ணன் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுட்டு வந்தார். நான் மன்னிப்பு கேக்கறதுக்கு வார்த்தை தேடிக்கிட்டிருந்தேன். அவர் கோவப்படலை. "பொட்டி பொய் சொல்லாதுன்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க?"ன்னு மட்டும் கேட்டார். அப்புறம் பையை எடுத்துக்கிட்டு அன்னிக்கு வசூலுக்குக் கிளம்பிட்டார்.

பி.கு: இதைப் படிக்கற பாதிப் பேர் ஒரு காலத்துல இ-கலப்பை வெச்சுத் தமிழ் அடிச்சவங்கதான். அதுவும் இந்தச் சீட்டு விளையாட்டுதான் தெரியுமோ? நீங்க அழுத்தின விசையோட ஈவென்ட் உங்க ப்ரோக்ராமுக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடி நடுவழியிலயே மடக்கி, ஆங்கில எழுத்துக்குப் பதிலாத் தமிழ் எழுத்தை அனுப்பி வெச்சது. நோட்பேடுக்குக் கடைசி வரைக்கும் விஷயமே தெரியாது. அதைப் பத்தித் தனிப் பதிவு போடலாம்னு இருக்கேன், ஆணி குறைஞ்சா. டூஈவென்ட்ஸ்ல சூடு பட்டவங்க யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல வந்து சொல்லிட்டுப் போங்க, எனக்கும் துணை வேணும் :-)